வேப்பங்குச்சியால் பல் துலக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேப்பங்குச்சி என்றதும் இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு அது கைகண்ட மருந்து. குச்சி கடித்த தாத்தா எண்பது வயதில் கரும்பு தின்ற கதை தவறாமல் வரும். மறு கட்சிக்கு அது பிரஷ் கிடைக்காத காலத்துச் சமாளிப்பு. குச்சியை எப்படி மெல்வது, எப்படிப் பிடிப்பது, எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேருமே சொல்வதில்லை. வேம்பின் பெருமையை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் ஆர்வத்தில் ஒரு கொப்பை ஒடிப்பார். முரட்டுப் பட்டையோடு ஈற்றைத் தேய்ப்பார். ரத்தத்தைப் பார்த்ததும் குச்சியைத் தூக்கி எறிந்துவிடுவார்.

என் கணிப்பு இதுதான்: குச்சியால் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு நாருக்கும் கைப்பக்குவத்துக்கும் உரியது. கசப்புக்குச் சேரவேண்டியது கொஞ்சம்தான். எனவே இங்கே மருத்துவ குணங்களின் பட்டியலைச் சுருக்கிவிட்டு, கைவேலையை விரித்துச் சொல்கிறேன்.

எது நடக்கும், எது நடக்காது

துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் ஒரு பிசுபிசுப்பான படலம் படியத் தொடங்கும். ஊர்ப்பக்கம் ஊத்தை என்பார்கள். சாப்பாட்டிலுள்ள சர்க்கரையை இதிலிருக்கும் கிருமிகள் அமிலமாக்குவதால்தான் சொத்தை விழுகிறது. ஈறு வீங்குவதற்கும் இதுவே காரணம். படலம் மென்மையாக இருக்கும்வரை வேப்பங்குச்சியின் நார் அதைத் துடைத்து எடுத்துவிடும். துடைக்காமல் நாள்கணக்கில் விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் படிந்து காரையாக இறுகும். காரையைப் பெயர்க்க எந்தக் குச்சியாலும் முடியாது, அதற்குப் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். குச்சியைத் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை காரையை எடுத்துவிட்டு வந்தால், உங்கள் குச்சி என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பலருடைய பல்லில் பழுப்புக் கறை இருக்கும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்ததால் பல் உருவாகும் வயதிலேயே உள்ளே ஏறிய கறை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கறை தேய்த்துப் போகாது. போக்கிவிடலாம் என்று குச்சியை அழுத்தினால் எனாமல்தான் தேயும்.

உலக சுகாதார நிறுவனம் 1986-இல், குச்சியால் பல் துலக்கும் வழக்கம் இருக்கும் இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்றது. 2000-இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் அறிக்கை, இன்னும் ஆய்வு தேவை என்று நிதானமாகச் சொன்னது. ஆய்வுகளும் அப்படித்தான் கலவையாக இருக்கின்றன. முறையாகக் கற்றுக்கொண்டவர்களிடம் குச்சி பிரஷ்ஷுக்கு ஈடுகொடுக்கிறது. முறை தெரியாதவர்களிடம் ஈறு கீழிறங்குவதும், பல்லின் உட்புறத்தில் அழுக்குத் தங்குவதும் தெரிகின்றன. வேம்பின் சாறு கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சோதனைக்கூடத் தட்டில் கிருமி சாறுக்குள்ளேயே கிடக்கிறது. வாயிலோ எச்சில் அதைச் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறது.

குச்சியில் இல்லாத ஒன்று ஃப்ளோரைடு. எனாமல் கரையாமல் காப்பதில் அதற்கு இணையாக இதுவரை நிறுவப்பட்டது வேறொன்றும் இல்லை. அதனால் காலையில் குச்சி, இரவு படுக்கும் முன் பிரஷ்ஷும் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இயற்கைக்கு மாறிவிட்டேன்' என்று பேஸ்ட்டை அடியோடு விட்டுவிடுவது வீம்பு.

யாருக்கு வேண்டாம்

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை குச்சியைப் பரிந்துரைக்கும் இடத்திலேயே, வாய்ப்புண், தொண்டை நோய், நாக்கு நோய், இருமல், வாந்தி உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது என்று விலக்கிவைக்கிறது. இயற்கை மருத்துவம் பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வாய்ப்புண் இருந்தால் ஆறும்வரை குச்சி வேண்டாம். பல் பிடுங்கியவர்களும், ஈற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவர் சரியென்று சொன்ன பிறகே தொடலாம். பல்லில் கிளிப் போட்டிருந்தால் நார் கம்பியில் சிக்கும். ஆடும் பல், பொருத்திய பல் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சிறு குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். கூரான குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும். இன்னொன்று: குடற்புழு சாகும் என்று வேப்பஞ்சாற்றை விழுங்கச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரியவர்களே துப்பிவிடுவதுதான் சரி. கருவுற்றவர்கள் கண்டிப்பாக விழுங்கக்கூடாது. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடும் நச்சுப் பாதிப்பு ஏற்பட்டது இந்திய மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது. மரத்திலிருந்து வருவதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

மரத்தைப் பார்ப்பது

வேம்பு தெரியாதா என்று கேட்கலாம். நகரத்தில் வளர்ந்தவர்கள் மலைவேம்பையும் வேம்பென்று ஒடித்துவிடுகிறார்கள். வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் இலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் இலையும் ஒரு பக்கம் சற்று வளைந்து, விளிம்பில் ரம்பப்பல் வெட்டோடு இருக்கும். மலைவேம்பு வகைகளில் காம்பு மறுபடியும் கிளைத்து, அந்தக் கிளைக்காம்புகளில் இலை இருக்கும். காம்பு கிளைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பெருஞ்சாலை ஓரத்து மரம் வேண்டாம். பட்டை முழுவதும் வாகனப் புகை. பூச்சிமருந்து தெளிக்கும் வயலையும் தோட்டத்தையும் ஒட்டிய மரமும் வேண்டாம். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பல இடங்களில் வேப்ப மரங்களின் கொப்பு நுனிகள் தீயில் வாட்டியதுபோல் பழுப்பேறித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறுறிஞ்சுவதாலும், நுனிக்கருகல் பூஞ்சையாலும் வருவது அது. அப்படிக் கருகிய கிளையைத் தவிர்த்து, பச்சை இலை தழைத்து நிற்கும் பக்கமாகப் பாருங்கள்.

குச்சியை வெட்டுவது

பன்னிரண்டு விரற்கடை நீளம், சுண்டுவிரல் பருமன், நேராக, கணுவும் புண்ணும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது சுசுருதரின் அளவு. இன்றைக்கும் இதைத் திருத்தத் தேவையில்லை. கொஞ்சம் மெலிந்ததாக, பென்சில் பருமனில் எடுத்தால் சிறிய வாய்க்கு வசதி. ஒரு சாண் நீளம் போதும்.

பருமனைவிட முற்றல்தான் முக்கியம். நுனிக்கொழுந்தையொட்டிய பச்சைத்தண்டில் நாரே இருக்காது, கடித்தால் கூழாகிவிடும். சாம்பல் நிறமேறி வெடிப்பு விட்ட பகுதி கட்டையாகிவிட்டது. மென்றால் சிம்பு சிம்பாகப் பிளந்து ஈற்றில் குத்தும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். வில்போல் வளைந்து விட்டதும் நிமிர்ந்தால் அதுதான் வேண்டியது. வளைந்தபடியே நின்றால் இளசு, சடக்கென்று முறிந்தால் முற்றல்.

கத்தியால் சாய்வில்லாமல் நேராக வெட்டுங்கள். கையால் ஒடித்தால் மரத்தின் பட்டை நீளமாக உரிந்து வந்துவிடும். அந்தப் புண் வழியாக மரத்துக்கு நோய் போகும். இலைகளைக் கிள்ளி, குச்சியை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

மெல்வது

அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இது. குச்சியின் ஒரு முனையில் அரை அங்குல அளவுக்கு மேல்பட்டையை நகத்தாலோ கத்தியாலோ சீவி எடுத்துவிடுங்கள். உள்ளே வெளிர்மஞ்சளாக ஈரத்துடன் இருக்கும். பட்டையோடு மெல்கிறவர்களும் உண்டு, கசப்பு கூடுதல். புதியவர்களுக்குப் பட்டையின் துணுக்குகள் ஈற்றிடுக்கில் மாட்டி எரிச்சல்தான் மிஞ்சும்.

சீவிய முனையைக் கடைவாய்ப்பல்லில் வைத்து மெதுவாகக் கடியுங்கள். வெட்டுப்பல்லால் கடிக்காதீர்கள், முனை துண்டாகும். ஒரு கடி, கால்வட்டம் திருப்பு, மறு கடி என்று போக வேண்டும். முதலில் தட்டையாகும், பிறகு நீளவாக்கில் கோடுகள் விழும், கோடுகள் பிரிந்து நூல் நூலாக நிற்கும். இந்த நேரத்தில் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வரும். அமிலத்தைத் தணிக்கும் வேலை எச்சிலுக்கு இருப்பதால், வயலுக்கு நடந்துகொண்டே அரைமணி நேரம் குச்சி மென்ற பழைய தலைமுறைக்குக் கிடைத்த லாபத்தில் இந்த எச்சிலுக்கும் பங்கு உண்டு. கசப்பு ஏற ஏறத் துப்புங்கள்.

எப்போது நிறுத்துவது? நாரை உள்ளங்கையின் மென்மையான பகுதியில் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் இன்னும் மெல்ல வேண்டும். ஓவியம் தீட்டும் தூரிகைபோல் படிந்து வளைந்தால் தயார். சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் முரட்டுச் சிம்புகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

துலக்குவது

பிரஷ்ஷில் தூவிகள் கைப்பிடிக்குக் குறுக்காக நிற்கின்றன. குச்சியில் நார் கைப்பிடியின் நீட்சியாக நேராக நிற்கிறது. பிரஷ்ஷைப் பிடிப்பதுபோல் குச்சியைப் பிடித்து வலமும் இடமுமாக இழுத்தால் நாருக்குப் பதில் கட்டைதான் பல்லில் உரசும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பள்ளம் விழுந்த பழைய குச்சிக்காரர்களின் பல்லைப் பார்த்தால் இந்த இழுவையின் விளைவு தெரியும்.

எழுதுகோலைப் பிடிப்பதுபோல் மூன்று விரலால் பிடியுங்கள். கைமுஷ்டியால் பிடித்தால் தேவைக்கு மேல் அழுத்தம் வரும். முன்பற்களில் தொடங்கலாம். நாரை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, பல்லின் விளிம்பை நோக்கித் துடையுங்கள். மேற்பல்லுக்கு மேலிருந்து கீழே, கீழ்ப்பல்லுக்குக் கீழிருந்து மேலே. திரும்ப ஈற்றை நோக்கித் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு பல்லாகப் போங்கள். ஒரே வீச்சில் நான்கு பல்லைக் கடக்கும் வசதி இதில் கிடையாது. அந்த நிதானம்தான் குச்சியின் பலம் என்று நான் நினைக்கிறேன்.

கடைவாய்ப்பற்களின் வெளிப்புறத்துக்கு வாயைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிக் குச்சி நுழையாது. மறு கையின் விரலால் உதட்டோரத்தைச் சற்று விலக்கினால் கடைசிப் பல்வரை நார் எட்டும். மெல்லும் பரப்பில் மட்டும் முன்னும் பின்னுமாகத் தேய்க்கலாம்.

உட்புறம்தான் கடினம், பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நார் நன்றாகப் பிரிந்த பிறகு, அதன் அடிப்பகுதியைக் கடைவாயில் ஒருபக்கமாக அழுத்திக் கடித்து, நாரை மட்டும் செங்கோணத்துக்கு மடக்குங்கள். இப்போது அது சின்னப் பிரஷ்போல் குறுக்காக நிற்கும். அதைக் கொண்டு கடைவாயின் உட்புறத்தை ஈற்றிலிருந்து வெளிநோக்கி இழுக்கலாம். கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கத்துக்குக் குச்சியை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்துக் கீழிருந்து மேலே இழுங்கள். காரை முதலில் படிவது அங்கேதான், நாக்கடியில் எச்சில் சுரப்பியின் வாய் பக்கத்திலேயே இருக்கிறது.

மெல்வது தவிர, துலக்குவதற்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முடிந்ததும் நாக்கால் எல்லாப் பற்களையும் உள்ளும் வெளியும் தடவுங்கள். கண்ணாடியைத் தொடுவதுபோல் வழவழப்பாக இல்லாமல் எங்கே சொரசொரக்கிறதோ, அங்கே மறுபடியும் போக வேண்டும். சந்தேகம் இருந்தால், படலத்தில் சாயம் ஏற்றிக் காட்டும் மாத்திரை பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். முதல் வாரத்தில் ஒருமுறை அதை மென்று கண்ணாடியில் பாருங்கள். உங்கள் கை எந்த மூலைக்குப் போகவில்லை என்று வண்ணத்தோடு சொல்லிவிடும். இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் இடுக்குக்கு நாரும் போகாது, பிரஷ்ஷும் போகாது. அதற்குப் பல்லிடுக்கு நூல்தான்.

நாக்கும் வாயும்

வேலை முடிந்ததும் நாரை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் குச்சியின் முனையில் கத்தியால் கீறி நீளவாக்கில் இரண்டாகப் பிளங்கள். ஒரு பாதியை இரு கையாலும் வில்லாக வளைத்து, பட்டைப்பக்கம் நாக்கில் படும்படி உள்ளிருந்து வெளியே இரண்டு மூன்று முறை வழியுங்கள். பிளந்த பக்கத்தில் சிம்பு இருக்கும், அதை நாக்கில் வைக்காதீர்கள். பிறகு வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள். உதிர்ந்த நார்த்துணுக்கு ஒன்றிரண்டு ஈற்றிடுக்கில் இருக்கத்தான் செய்யும். தங்க விட்டால் வீங்கும்.

காலையில் கோல் தின்று, அதாவது குச்சியால் பல் துலக்கி, கண் கழுவிய பிறகே தெய்வம் தொழச் சொல்கிறது பழைய நீதிநூலான ஆசாரக்கோவை. காபிக்கும் அதே வரிசையைக் கடைப்பிடிக்கலாம்.

மிச்சக் குச்சி

நாக்கு வழிக்கத் தனி வழிப்பான் வைத்திருப்பவர்கள் குச்சியைப் பிளக்காமல் இரண்டு மூன்று நாள் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நாளும் பழைய நாரை வெட்டி எறிந்து, புதிதாக மெல்ல வேண்டும். நேற்றைய நாரில் நேற்றைய கிருமி இருக்கும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். காய்ந்துவிட்டால் இரவு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். பூசணம் தெரிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ தூக்கி எறியுங்கள். குடும்பத்துக்குள்ளும் குச்சியைப் பகிரக்கூடாது.

முதல் இரண்டு வாரம்

தாடை வலிக்கும், பயப்பட வேண்டாம். கசப்பு ஒரு வாரத்தில் பழகிவிடும். ஏற்கெனவே ஈறு வீங்கியிருப்பவர்களுக்கு முதல் சில நாள் லேசாக ரத்தம் கசியலாம். அழுத்தத்தைக் குறைத்துத் தொடர்ந்தால் குறைய வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கசிந்தால் அது குச்சியால் தீரும் விஷயமல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவது புதிதாகத் தொடங்கினால், நீங்கள் ஈற்றை நோக்கித் தேய்க்கிறீர்கள் அல்லது அழுத்துகிறீர்கள் என்று பொருள். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலை, பாக்கு போடுகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

வேறு குச்சிகள்

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற பழமொழியில் வரும் இரண்டும் துவர்ப்பு மரங்கள். ஆலம் விழுதின் தொங்கும் இளநுனி மெல்ல எளிதானது, கசப்பும் இல்லை. வெட்டியதும் வடியும் பாலைக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். வேலங்குச்சிக்குக் கருவேலம் வேண்டும். கண்மாயெல்லாம் படர்ந்திருக்கும் சீமைக் கருவேலத்தை ஒடித்துவிடாதீர்கள். முள்ளை அடியோடு சீவிவிடுங்கள். நார் வேம்பைவிட முரடு, அதனால் கூடுதலாக மெல்ல வேண்டும். புங்கங்குச்சியும் வழக்கத்தில் இருந்ததுதான்.

இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் பட்டியலில் எருக்கும் அரளியும்கூட இருக்கின்றன. அதை நம்பி யாரும் கை வைக்க வேண்டாம். அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மரத்துக்கு எங்கே போவது என்பவர்களுக்கு மிஸ்வாக் இருக்கிறது. உகாய் மரத்தின் வேர் அது. பள்ளிவாசல்களின் வாசலில், குறிப்பாக ரமலான் மாதத்தில், கட்டுக்கட்டாக விற்பார்கள். காற்றுப்புகாத உறையிலும் கடைகளில் கிடைக்கிறது. நார் வேம்பைவிட மென்மை, கடுகுபோல் லேசான காரம் உண்டு. வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். விறகாகக் காய்ந்திருந்தால் வேறு கட்டு கேளுங்கள். முனையைச் சில மணி நேரம் ஊறவைத்துவிட்டு, மேலே சொன்னபடியே மென்று துலக்கலாம்.